ஒரே ஆண்டுக்கு நாலு எண்: உலக வெப்பநிலைக் கணக்குச் சண்டையும் கொங்கு நாட்டுத் தெர்மாமீட்டரும்

2024-இல் உலகம் எவ்வளவு சூடானது? ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் சேவை 1.60 டிகிரி என்றது. உலக வானிலை அமைப்பு 1.55 என்றது. நாசாவின் அறிவிப்பில் 1.28 என்று இருந்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறை இந்தியாவுக்கு 0.65 என்றது. நாலும் சில நாள் இடைவெளியில் நம் செய்தித்தாள்களில் வந்தன.

"ஏனுங்க மாமா, ஒரே வருசத்துக்கு நாலு பேரு நாலு கணக்குச் சொல்றாங்களே, எதைங்க நம்பறது?" என்று பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மருமகன் கேட்டால், மாமா சொல்லும் பதில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "எல்லாம் உட்காந்த இடத்துல எழுதற கணக்கு மாப்ள. ஆடிக்காத்து அப்பவும் அடிச்சுது, இப்பவும் அடிக்குது." மருமகனும் விடமாட்டார். "கரூர்ப் பரமத்தியில போன சித்திரையில நின்னு பார்த்திருக்கீங்களா?" என்பார்.

இரண்டு பேர் சொல்வதும் ஆதாரம் ஆகாது. ஆனால் இந்தப் பேச்சுக்குள் உலக அளவில் முப்பது ஆண்டுகளாக ஓடும் ஒரு வழக்கு முழுசாக இருக்கிறது. எங்கிருந்து அளந்தார்கள், பழைய எண்களை ஏன் மாற்றினார்கள், எந்த ஆண்டிலிருந்து கோடு போட்டார்கள், ஊர்ச் சூட்டை உலகச் சூடாக எழுதிவிட்டார்களா என்று நாலு கேள்விகள். அந்த நாலையும் இங்கே ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறோம்.

எந்தப் படியிலிருந்து அளந்தது

கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று கேட்டால், மேல்படியிலிருந்து ஒரு கணக்கு வரும், மோட்டார் வைத்த திட்டிலிருந்து வேறொரு கணக்கு வரும். தண்ணீர் மட்டம் ஒன்றுதான்.

நாசா 1951 முதல் 1980 வரையிலான சராசரியைச் சுழியமாக வைக்கிறது. அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகம் 20-ஆம் நூற்றாண்டு முழுவதையும் வைக்கிறது. பிரிட்டன் வானிலை அலுவலகமும் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகமும் சேர்ந்து தரும் ஹேட்கிரட் என்ற உலக வெப்பநிலைப் பதிவு வரிசைக்கு 1961–1990. நம் வானிலைத் துறை 1991–2020-ஐ இயல்பு என்கிறது. கோப்பர்நிக்கஸும் உலக வானிலை அமைப்பும் செய்திக்குச் சொன்ன எண் 1850–1900-க்கு மேல் எவ்வளவு என்பது.

நாசாவே தன் 1.28-ஐ 1850–1900 அடிப்படைக்கு மாற்றி ஏறத்தாழ 1.47 என்று சொன்னது. கோப்பர்நிக்கஸின் 1.60-க்கும் இதற்கும் இடையே 0.13 டிகிரிதான் பாக்கி. உலக வானிலை அமைப்பு ஆறு வரிசைகளைச் சேர்த்து 1.55 என்றபோது, முன்பின் 0.13 என்று பிழை எல்லையையும் கூடவே எழுதியது. அதாவது 1.42-லிருந்து 1.68 வரை. மற்ற இரண்டு எண்களும் அதற்குள் அடங்கிவிடுகின்றன.

கோப்பர்நிக்கஸுக்கும் நாசாவுக்கும் இடையிலான அந்த 0.13 எங்கே ஒளிந்திருக்கிறது என்பதுதான் தெரிந்துகொள்ள வேண்டியது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் எல்லா வரிசைகளும் கிட்டத்தட்ட ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கிடக்கின்றன. பிரிவது 19-ஆம் நூற்றாண்டில். அன்று தென் அரைக்கோளத்தில் நிலையங்கள் மிகக் குறைவு. கடல் அளவுகள் கப்பல் போன வழியில் மட்டும் கிடைத்தன. நாசாவின் வரிசை 1880-இல்தான் தொடங்குகிறது. இன்றைய சூட்டைப் பற்றிப் பெரிய தகராறு கிடையாது. தாத்தா காலத்து மட்டம் எங்கே இருந்தது என்பதில்தான் பத்தில் ஒரு டிகிரி அளவுக்கு இழுபறி.

இந்தியாவின் 0.65-ஐ இதில் சேர்க்கவே கூடாது. அது ஒரு நாட்டின் நிலப்பரப்புக்கு மட்டும் உரியது. ஏற்கெனவே சூடாகிவிட்ட 1991–2020-ஐ அடியில் வைத்து அளந்தது வேறு. "உலகம் 1.6, இந்தியா 0.65, நமக்குக் கவலையில்லை" என்று பேசுவோர் இரண்டு கிணற்றை இரண்டு படியிலிருந்து அளந்து ஒப்பிடுகிறார்கள்.

"ஆகச் சூடான ஆண்டு" என்ற பட்டத்திலும் இதே குழப்பம் வந்ததுண்டு. 2014-ஐ அப்படி அறிவித்தபோது, அது உண்மையாக இருக்க நாசா கொடுத்த வாய்ப்பு 38 சதவீதம். அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகம் கொடுத்தது 48 சதவீதம். "பாதிக்கும் குறைவு, அப்போ பொய்" என்று ஒரு கூட்டம் பிடித்துக்கொண்டது. நூற்று முப்பது ஆண்டுகள் போட்டியிட்ட பந்தயத்தில் 38-ஐ விட அதிகம் வேறு எந்த ஆண்டும் வாங்கவில்லை என்பதை அவர்கள் சொல்லவில்லை. அறிவித்தவர்களும் முதல் வரியிலேயே அதைச் சொல்லியிருக்கலாம். தரவரிசை ஒரு மோசமான அளவுகோல். நூறில் ஒரு டிகிரியில் இடம் மாறும். பத்து ஆண்டுச் சராசரியைப் பார்ப்பவருக்கு அந்தச் சிக்கலே வராது.

கோவையும் ஊட்டியும்

உலகச் சராசரியை நேரடி டிகிரியில் சொல்லாமல் "இயல்பிலிருந்து இவ்வளவு விலகல்" என்று ஏன் சொல்கிறார்கள் என்பதற்கு நம் மலையே போதும். கோவை ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டரில். கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறையும் என்று வைத்தால் இரண்டுக்கும் 12 டிகிரி வித்தியாசம். கோவை 27, ஊட்டி 15 என்று கொண்டால் சராசரி 21. ஒரு மாதம் ஊட்டிப் பதிவு வராமல் போனால் சராசரி 27 ஆகிவிடும். எங்கேயும் சூடு ஏறவில்லை, ஒரு தாள் தொலைந்தது, அவ்வளவுதான்.

விலகலில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. கோவை தன் இயல்பைவிட 0.6 அதிகம், ஊட்டி தன் இயல்பைவிட 0.5 அதிகம் என்றால் சராசரி 0.55. ஊட்டி விடுபட்டால் 0.6. மலையிலும் சமவெளியிலும் மாதச் சராசரி ஒன்றாகவே ஏறி இறங்குகிறது. ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியும் இந்த ஒற்றுமை ஓரளவு நிற்கிறது என்று நாசாவின் ஹேன்சனும் லெபெடெஃபும் 1987-இல் காட்டினார்கள். நாசாவின் கணக்கு ஒரு நிலையத்தின் விலகலை 1,200 கிலோமீட்டர் வரை, தூரத்துக்கேற்ப எடையைக் குறைத்துக்கொண்டே பரப்புவது அந்த அடிப்படையில்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: வெப்பநிலை விலகலுக்கு மட்டுமே இந்தத் தூரம் செல்லும். மழைக்குச் செல்லாது. வால்பாறையில் கொட்டும்போது பல்லடத்தில் புழுதி பறக்கும் என்பது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை அனுபவத்தை வைத்து "பக்கத்து ஊரையே நம்ப முடியாது" என்று வெப்பநிலைக்கும் தீர்ப்பு எழுதுவது தவறு.

பழைய எண்ணைக் குறைத்தது யார்

குற்றச்சாட்டுகளில் ஆகக் கனமானது இதுதான்: "பழைய வருசங்களைக் குளிராகக் காட்டி, புதுசைச் சூடாகக் காட்டுகிறார்கள்." பல நிலையங்களில் பழைய எண்கள் குறைக்கப்பட்டிருப்பது உண்மை. எப்படி என்று ஒரு கணக்கில் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக வைத்துக்கொண்ட எண்கள், எந்த ஊரின் பதிவும் அல்ல.

ஒரு நிலையத்தின் ஆண்டுச் சராசரி முதல் ஐந்து ஆண்டுகளில் 28.2, 28.4, 28.3, 28.1, 28.3. அடுத்த ஐந்து ஆண்டுகளில் 27.7, 27.9, 27.6, 27.8, 27.9. முதல் பாதியின் சராசரி 28.26, இரண்டாவது 27.78. திருத்தாமல் பச்சையாகப் படித்தால் ஊர் அரை டிகிரி குளிர்ந்திருக்கிறது.

சுற்றியுள்ள மூன்று நிலையங்களின் சராசரி அதே ஆண்டுகளில் 27.0, 27.1, 27.1, 27.0, 27.1, பிறகு 27.3, 27.4, 27.3, 27.4, 27.5. இப்போது நிலையத்திலிருந்து அண்டை ஊர்களைக் கழியுங்கள்: 1.2, 1.3, 1.2, 1.1, 1.2, பிறகு 0.4, 0.5, 0.3, 0.4, 0.4. வித்தியாசம் 1.2-இல் நின்றது, ஒரே ஆண்டில் 0.4-க்கு விழுந்து அங்கேயே நிற்கிறது. வானிலை அப்படி விழாது. வானம் மாறினால் அண்டை ஊரும் கூட மாறும். இந்த ஊருக்கு மட்டும் ஏதோ நடந்திருக்கிறது. பதிவேட்டைப் புரட்டினால் அந்த ஆண்டில் நிலையம் நகர நடுவிலிருந்து ஊருக்கு வெளியே போயிருக்கும்.

இப்போது 0.8-ஐ எங்கே சரிசெய்வது? புது இடத்தில் இன்றைக்கும் தினமும் அளவு எடுக்கிறார்கள். அதை மாற்றினால் நாளைக்கு வரும் ஒவ்வொரு எண்ணையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே பழைய பகுதியை 0.8 இறக்குகிறார்கள், 28.26 என்பது 27.46 ஆகிறது. அதற்கு மேல் 27.78, ஆக 0.32 டிகிரி ஏற்றம். அண்டை ஊர்களும் 27.06-லிருந்து 27.38-க்கு, அதே 0.32 ஏறியிருக்கின்றன. "பழசைக் குறைத்துவிட்டான்" என்று காட்டப்படும் வரைபடங்களில் பல இந்த வகைதான். நிலையம் எதிர்த்திசையில் மாறியிருந்தால் பழைய எண் ஏறும். அந்த வரைபடத்தை யாரும் பகிர்வதில்லை.

இந்த முறை எங்கே கவிழும் என்பதையும் சொல்ல வேண்டும். அண்டை நிலையங்கள் எல்லாம் ஒரே காலத்தில் கண்ணாடித் தெர்மாமீட்டரிலிருந்து தானியங்கிக் கருவிக்கு மாறினால் வித்தியாச வரிசையில் ஒன்றும் தெரியாது. எல்லோரும் சேர்ந்தே தவறுவார்கள். அதனால்தான் புதுக் கருவி வைத்தபிறகும் பழையதைக் குறைந்தது ஓர் ஆண்டாவது பக்கத்திலேயே ஓடவிட வேண்டும் என்கிறார்கள். செலவு மிச்சம் என்று அதே வாரத்தில் பழையதைக் கழற்றிய இடங்களில் அந்த இடைவெளியைப் பின்னால் எந்தக் கணினியாலும் முழுசாக மீட்க முடியாது.

அண்டை ஊரைத் தேர்ந்தெடுப்பதில் கொங்கு நாட்டுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கோவையும் பொள்ளாச்சியும் பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கின்றன. மே கடைசியில் மேல்காற்று புகுந்ததும் பகல் சூடு சட்டென்று இறங்கிவிடும். கரூரும் ஈரோடும் நாமக்கல்லும் அந்தக் காற்று ஈரத்தை உதறிவிட்டு வந்து சேரும் இடம். காற்று ஒரு வாரம் முந்தியோ பிந்தியோ வந்தால், மே மாதச் சராசரியில் கோவைக்கும் கரூருக்கும் இடையே வித்தியாசம் தானாகவே ஆடும். ஆகவே தூரத்தை மட்டும் பார்த்து அண்டை ஊரைப் பிடிக்காதீர்கள். மாத வாரியாக ஒத்து ஏறி இறங்குகிறதா என்று பார்த்துப் பிடியுங்கள். மே, ஜூனில் மட்டும் தெரியும் முறிவைக் கருவிக் கோளாறு என்று திருத்திவிடாதீர்கள்.

இன்னொரு பிழை, படிக்கும் நேரம். உச்ச வெப்பநிலைத் தெர்மாமீட்டர் உதறி மீட்டமைக்கும் வரை அதிகபட்ச அளவைப் பிடித்து வைத்திருக்கும். மாலை 5 மணிக்குப் படித்து மீட்டமைக்கும்போது வெளியே இன்னும் 36 டிகிரி இருந்தால் கருவி 36-லிருந்துதான் தொடங்கும். மறுநாள் மேகம் போட்டு 33-ஐத் தாண்டாவிட்டாலும் மாலையில் 36 என்றே காட்டும். ஒரு வெயில் நாள் இரண்டு முறை எழுதப்பட்டுவிட்டது. காலையில் படித்தால் குளிர்ந்த இரவு இரண்டு முறை விழும். அமெரிக்காவில் தன்னார்வலர்கள் பல பத்தாண்டுகளில் மாலையிலிருந்து காலைக்கு மாறினார்கள். அதனால் அந்நாட்டுப் பச்சைப் பதிவில் இல்லாத ஒரு குளிர்ச்சி புகுந்துவிட்டது. அதை நீக்கியபோது ஏற்றம் கூடியது, சண்டையும் கூடியது. நம் வானிலைத் துறை காலை 8.30, மாலை 5.30 என்று நேரத்தைக் கட்டிவைத்திருப்பதால் இந்தப் பிழைக்கு இடம் குறைவு. ஆனால் தனியார் தோட்டங்களிலும் மில்களிலும் எழுதிவைத்த நோட்டுகளில் இதை முதலில் கேட்க வேண்டும்: எத்தனை மணிக்குப் படித்தீர்கள்?

கடலில் வாளி

பூமியின் மேற்பரப்பில் 71 சதவீதம் கடல். திருத்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் நிலத்தையே பேசுகிறார்கள். கணக்கைத் திருப்பிப்போடுவது கடல்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் மாலுமிகள் வாளியில் கடல்நீர் மொண்டு, தளத்தில் வைத்து, தெர்மாமீட்டரை விட்டார்கள். கித்தான் வாளியில் நீர் கசிந்து ஆவியாகும். மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறதோ அதே காரணம். மேலே வந்து சில நிமிடங்களில் நீர் குளிர்ந்துவிடும். ஆகவே பழைய கடல் எண்கள் உண்மையைவிடக் குறைவு. பின்னால் எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் நீரில் அளந்தார்கள். எஞ்சின் அறைச் சூட்டால் இது கொஞ்சம் அதிகம் காட்டும். போர்க்காலத்தில் அமெரிக்கக் கப்பல்கள் எஞ்சின் நீரை அளந்தன. போர் முடிந்ததும் பிரிட்டிஷ் கப்பல்களின் வாளி அளவுகள் மறுபடி நிறைய வந்தன. 1945-இல் உலகக் கடல் திடீரெனக் குளிர்ந்ததுபோல் தெரிந்ததற்கு இதுவே காரணம் என்று 2008-இல் காட்டப்பட்டது.

வாளிப் பிழையைத் திருத்தினால் பழைய கடல் எண்கள் மேலே ஏறுகின்றன. பழசு ஏறினால் மொத்த ஏற்றம் குறைகிறது. நிலத்தையும் கடலையும் சேர்த்துப் பார்த்தால், திருத்திய வரிசை காட்டும் நூற்றாண்டு வெப்ப ஏற்றம் பச்சைப் பதிவு காட்டுவதைவிடக் குறைவு. சூட்டைப் பெரிதாகக் காட்டவே திருத்தினார்கள் என்று சொல்பவர், திருத்தாத எண்களைக் கேட்டு வாங்கினால் அவருக்குக் கிடைப்பது இன்னும் செங்குத்தான கோடு. இந்த வழக்கில் தீர்மானமான சாட்சி இதுதான் என்பது எங்கள் கருத்து. பொதுப்பேச்சில் இது வரவேயில்லை என்பது வருத்தமான விஷயம்.

1998-லிருந்து கோடு போட்டால்

1997–98-இல் பெரிய எல் நினோ. பசிபிக்கின் வெப்பம் மேலே வந்து 1998 அதுவரை இல்லாத சூடான ஆண்டானது. அதை முதல் புள்ளியாக வைத்து 2012 வரை கோடு போட்டால் கோடு கிட்டத்தட்டப் படுத்துவிடும். ஐநா காலநிலைக் குழு 2013-இல் வெளியிட்ட அறிக்கையே 1998–2012-க்குப் பத்தாண்டுக்கு 0.05 டிகிரி என்றும், 1951–2012-க்கு 0.12 என்றும் எழுதியது. குறுகிய காலக் கோடு தொடக்க ஆண்டையும் முடிவு ஆண்டையும் பொறுத்து மாறும் என்று எச்சரித்து, 1998-ஐயே உதாரணமாகவும் காட்டியது. எச்சரிக்கை மறைந்து எண் மட்டும் ஊர் சுற்றியது.

மஞ்சள் விலை உச்சத்தில் இருந்த நாளை முதல் நாளாக வைத்து ஈரோட்டுச் சந்தையைப் பற்றி எழுதினால் வியாபாரியே ஒப்பமாட்டார். ஆனால் தொடக்க ஆண்டைத் திருத்தினால் மட்டும் இந்த வழக்கு தீர்ந்துவிடவில்லை. உள்ளே மூன்று தனித்தனி விஷயங்கள் இருந்தன.

முதலாவது வடதுருவம். ஹேட்கிரட்டின் அன்றைய பதிப்பு உலகைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, நிலையம் இல்லாத கட்டங்களை வெற்றாக விட்டது. வெற்றாக விட்டால் அந்த இடம் உலகச் சராசரி அளவுக்கே சூடாகிறது என்று சொன்னதாக ஆகிவிடும். ஆர்க்டிக் அதைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடாகும் இடம். கௌட்டன், வே என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்த ஓட்டைகளை அண்டை அளவுகளாலும் செயற்கைக்கோள் உதவியாலும் நிரப்பியபோது படுத்த கோடு எழுந்தது. பின்னால் வந்த ஹேட்கிரட் ஐந்தாம் பதிப்பும் இடைவெளிகளை நிரப்பியே கணக்கிடுகிறது.

இரண்டாவது மிதவைகள். 1990-களிலிருந்து தானியங்கி மிதவைகள் கடலில் பெருகின. எஞ்சின் நீரை அளக்கும் கப்பலைவிட அவை சராசரியாக 0.12 டிகிரி குறைவாகக் காட்டும், அவைதான் துல்லியம். சூடாகக் காட்டும் கருவியின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, குளிர்ச்சியாகக் காட்டும் கருவியின் பங்கு கூடினால் கடல் சூடாவது மெதுவானதுபோல் தெரியும். 2015-இல் அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகத்தின் கார்ல் தலைமையிலான குழு இதைத் திருத்தி 1998–2012 ஏற்றத்தைப் பத்தாண்டுக்கு 0.039-லிருந்து 0.086 ஆக்கியது. அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று விஞ்ஞானிகளின் மின்னஞ்சல்களைக் கேட்டு ஆணை அனுப்பும் அளவுக்கு விவகாரம் போனது. மின்னஞ்சலால் தீர்க்க முடியாததை அளவீடு தீர்த்தது. 2017-இல் ஹாஸ்ஃபாதரும் உடனிருந்தவர்களும் மிதவைகளை மட்டும் வைத்து ஒரு வரிசை, ஆர்கோ மூழ்கு மிதவைகளை மட்டும் வைத்து ஒன்று, செயற்கைக்கோளை மட்டும் வைத்து ஒன்று என்று தனித்தனியாகக் கட்டினார்கள். கருவிகளைக் கலக்காவிட்டால் திருத்தமே தேவையில்லை அல்லவா? மூன்றும் திருத்திய புது வரிசையோடு ஒத்துப்போயின.

மூன்றாவது, மெய்யான வேகக்குறைவு. கிழக்குப் பசிபிக் அந்தக் காலத்தில் குளிர்ந்து கிடந்ததால் மேற்பரப்பு ஏற்றம் மட்டுப்பட்டது என்று 2013-இல் கோசாக்காவும் ஷியேவும் காட்டினார்கள். கார்ல் குழுவுக்குப் பிறகும் "வேகம் குறைந்தது உண்மை, அதை மறைக்க வேண்டாம்" என்று 2016-இல் ஃபைஃபும் சில முன்னணி விஞ்ஞானிகளும் எழுதினார்கள். இது நேர்மையான கருத்து வேறுபாடு. "நின்றுவிட்டது" என்பதும் "சற்று மெதுவானது" என்பதும் ஒன்றல்ல. இந்தச் சச்சரவு முழுக்க அந்த இரண்டு சொற்களைக் கலந்ததால் நீண்டது. பிறகு 2015, 2016, 2023, 2024 என்று ஒவ்வொன்றும் 1998-ஐ வெகுவாகத் தாண்டின.

செயற்கைக்கோள் வரிசையைச் சிலர் கடைசிச் சீட்டாக இறக்குவார்கள். அது தெர்மாமீட்டர் இல்லை. ஆக்சிஜன் உமிழும் நுண்ணலையை அளந்து, பல கிலோமீட்டர் தடிமனான காற்றின் வெப்பத்தைக் கணக்கிட்டு எடுப்பது. ஒரே மூலத் தரவிலிருந்து ஹன்ட்ஸ்வில்லில் உள்ள அலபாமா பல்கலைக்கழகக் குழு பத்தாண்டுக்கு 0.15 டிகிரி அளவில் ஏற்றம் என்கிறது, ரிமோட் சென்சிங் சிஸ்டம்ஸ் (ஆர்எஸ்எஸ்) நிறுவனக் குழு 0.2-ஐத் தாண்டுகிறது. கோளின் சுற்றுப்பாதை தாழ்வதும், அது தலைக்குமேல் கடக்கும் நேரம் நழுவுவதும்தான் சிக்கல். அந்த நழுவலைச் சரிசெய்வதில் அலபாமா குழு செய்த பிழை 2005-இல் வெளிப்பட்டு, அவர்களே ஏற்றுத் திருத்தினார்கள். திருத்தமில்லாத சுத்தமான பதிவு என்று யாராவது செயற்கைக்கோளைக் காட்டினால், தரை நிலையங்களைவிட அதிகம் திருத்தப்பட்ட பதிவு அதுதான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

கோவை சூடானது சிமெண்டாலா

மாமாவின் உண்மையான வாதம் இனிதான் வரும். "ஊரைச் சுத்தி இருந்த குளமும் தோப்பும் போச்சு, எங்க பார்த்தாலும் கட்டடம், தார் ரோடு. சூடாகாம என்ன செய்யும்? அதை ஏன் உலகத்துமேல எழுதறாங்க?"

முன்பாதி முழுக்கச் சரி. கட்டடம் பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் விடுகிறது. நகர வெப்பம் அதிகமாகத் தெரிவது அதிகாலைக் குறைந்தபட்ச வெப்பநிலையில், அதுவும் காற்றில்லாத, மேகமில்லாத இரவுகளில். ஆனால் உலகக் கணக்கில் அதன் எடை சிறியது. கோவை மாவட்டம் 4,723 சதுர கிலோமீட்டர், பூமியின் பரப்பு 51 கோடி. லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. நகரங்கள் இல்லாத கடலும் சூடாகியிருக்கிறது. நகர வெப்பம், நிலப் பயன்பாட்டு மாற்றம் ஆகியவற்றின் திருத்தப்படாத பாதிப்பு, நிலப்பரப்பின் நூற்றாண்டு ஏற்றத்தில் 10 சதவீதத்தைத் தாண்ட வாய்ப்பில்லை என்பது ஐநா காலநிலைக் குழுவின் 2013 அறிக்கையின் மதிப்பீடு. இதே சந்தேகத்தோடு தொடங்கிய இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர், பெர்க்லி எர்த் என்ற குழுவைக் கூட்டி, நகரத்துக்கு வெகுதூரத்தில் உள்ள நிலையங்களை மட்டும் தனியே எடுத்துக் கணக்கிட்டார். ஏற்றம் அப்படியே இருந்தது. அதை அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

நம் பகுதியில் எதிர்த்திசைப் பாதிப்பும் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1955-இல் பவானிசாகர் அணை முடிந்து கீழ்பவானி வாய்க்கால் வந்தபின் 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் பெறுகிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் தண்ணீர் கொடுத்தது. நெல் நிற்கும் வயலில் வெயிலின் பெரும்பங்கு நீரை ஆவியாக்கச் செலவாகும். பகல் உச்சம் குறையும். மேட்டாங்காடாக இருந்த இடம் நஞ்சையானால் அங்குள்ள நிலையம் உலகச் சூட்டைக் குறைத்தே காட்டும். பாசனமும் புகைத்தூசியும் இந்தியாவின் பகல் வெப்ப ஏற்றத்தை ஓரளவு மூடி வைத்திருக்கின்றன என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். கருத்தைச் சொல்லும் முன் இரண்டையும் எடைபோட வேண்டும்.

நிலையத்தின் நிலைமையும் பார்க்க வேண்டும். தெர்மாமீட்டரை நேர்வெயில் படாமல் வைக்கும் ஸ்டீவன்சன் பெட்டியின் வெள்ளைப் பெயிண்ட் மங்கினால், சட்டங்களுக்கிடையே தூசி அடைத்தால் பகல் உச்சம் ஏறும். பெட்டி தரையிலிருந்து 1.2 மீட்டர் அளவு உயரத்தில், புல்தரையில், கதவு வடக்கு நோக்கி இருக்க வேண்டும். மொட்டைமாடியில் வைத்த கருவி தளத்தின் சூட்டையே எழுதும். பக்கத்தில் ஏசியின் வெளி யூனிட் இருந்தால் சொல்லவே வேண்டாம். 32.4 என்பதை 23.4 என்று எழுதிய கைப்பிழையை, குறைந்தபட்சம் அதிகபட்சத்தைவிடக் கூடிய நாட்களைத் தேடியே பாதி பிடித்துவிடலாம். ஒரு மாதத்தில் 11 நாளோ, தொடர்ந்து 5 நாளோ விடுபட்டிருந்தால் அந்த மாதச் சராசரியை எடுக்கக்கூடாது என்பது உலக வானிலை அமைப்பின் விதி.

இவ்வளவும் பார்த்தபின் மாமாவின் ஆடிக்காற்றையே கருவியாக எடுத்துக்கொள்ளலாம். பிரிட்டன் வானிலை அலுவலகத்தின் டேவிட் பார்க்கர் 2004-இல் செய்த சோதனை இது: காற்றடிக்கும் இரவில் நகரச் சூடு கலைந்துவிடும், அசையாத இரவில் தேங்கும். சூட்டு ஏற்றத்துக்கு நகரம்தான் காரணமென்றால் அசையாத இரவுகளின் ஏற்றம் காற்றடித்த இரவுகளைவிடத் தெளிவாக அதிகமாக இருக்க வேண்டும். உலகெங்கும் 250-க்கும் மேற்பட்ட நிலையங்களில் பார்த்தார். இரண்டும் ஒரே அளவில் ஏறியிருந்தன.

கோவைக்கு இதைச் செய்ய, பீளமேடு விமான நிலையத்தின் அன்றாடக் குறைந்தபட்ச வெப்பநிலை முப்பது ஆண்டுக்காவது வேண்டும். ஆடி மாதத்தை மட்டும், ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை, எடுங்கள். தை மாத அசையாத இரவையும் ஆடி மாதக் காற்று இரவையும் ஒப்பிட்டால் பருவ வித்தியாசம் உள்ளே புகுந்துவிடும். ஒவ்வோர் ஆண்டிலும் ஆடி இரவுகளைக் காற்று வேகப்படி வரிசையிட்டு, மேல் மூன்றிலொரு பங்கையும் கீழ் மூன்றிலொரு பங்கையும் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனி ஆண்டுச் சராசரி எடுத்துக் கோடு போடுங்கள். காற்று வேகத்தை அந்த நிலையத்தின் காற்றுமானியிலிருந்து எடுக்காதீர்கள். சுற்றிலும் கட்டடம் எழுந்தால் அங்கே பதிவாகும் காற்றே குறைந்துபோகும், சோதனை தன்னையே தின்றுவிடும். பார்க்கர் செய்ததுபோல, பல இடத்து அளவுகளைக் கணினி மாதிரியில் சேர்த்துக் கட்டிய மறுபகுப்பாய்வுத் தொகுப்பின் காற்றைப் பயன்படுத்துங்கள். காற்று பலமான ஆடி இரவு பெரும்பாலும் மேகமூட்டமாகவும் இருக்கும், மேகம் இரவைக் கதகதப்பாக வைக்கும். ஆகவே இரண்டு கூட்டத்தின் சராசரிகளை ஒன்றோடொன்று ஒப்பிடாமல், ஆண்டுக்கு ஆண்டு ஏறும் வேகத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

இரண்டு கோடும் ஒரே சாய்வில் வந்தால் பீளமேட்டின் இரவுச் சூட்டு ஏற்றத்தில் கட்டடத்தின் பங்கு சிறிது. அசையாத இரவுக் கோடு செங்குத்தாக வந்தால் மாமா சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு, எவ்வளவு என்பதையும் சாய்வின் வித்தியாசமே டிகிரியில் சொல்லிவிடும். அப்போதும் காற்றடித்த இரவுகளின் கோடு ஏறுகிறதா என்பதை மருமகன் தனியாகக் கேட்க வேண்டும்.